யூசுப்புக்குக் கொடுத்த பெல்ட்

பெல்ட்டின் கொக்கியைச் சுற்றியிருந்த தையலைத் தேவதாஸ் கட்டைவிரல் நகத்தால் லேசாகத்தான் நிமிண்டினார். நூல் கறுத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாற்பதடி உயரத்தில் ஒரு ஆளின் முழு எடையும் தொங்குகிற இடம் அது.

சாமான் அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அடுத்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தார், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆணிகளில் தொங்கிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி நிமிண்டிவிட்டுக் கடைசியில் யூசுப்பின் பெல்ட்டுக்கு வந்தார். அதன் தையல் மட்டும் கல் மாதிரி இருந்தது. இழுத்தார், முறுக்கினார், நகம் வலித்ததுதான் மிச்சம். அந்த நிமிடமே அவர் மனத்துக்குள் வழக்கு நடந்து முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

தேவதாஸ் வாத்தியார்தான், ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அந்த வருஷம் மலாக்காவில் காற்றுக்கும் ஒரு விலை பிறந்திருந்தது. டவுனுக்குள் மின்சாரம் இருந்தது; கடலோரக் கம்போங் கிராமங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் இல்லை. ஆனால் ரேடியோ ஆசை மட்டும் எல்லோருக்கும் இருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ் ராவுத்தர் இந்த ஆசையை மோப்பம் பிடித்தார். மரத்தில் செய்த மூன்று இறக்கைகள் சுழலும் ஒரு காற்றாடி, அதன் முதுகில் ஒரு டைனமோ, கீழே பேட்டரி. இதை இரும்பு டவரின் உச்சியில் நிறுத்திவிட்டால் ரேடியோ பாடும், நாலு பல்பும் எரியும். கஜா பெராங்கில் வேலி போட்ட ஒரு காலி நிலத்தைப் பிடித்துக் கம்பெனி தொடங்கினார். ஜனங்கள் அதைக் காத்தாடிக் கம்பெனி என்றார்கள்.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு ஆள் டவரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். ஏறக் கற்றுக்கொடுக்க முறையாக ஒரு ஆள் இல்லாவிட்டால் இனிமேல் எங்களால் ஆகாது என்று இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிட்டான். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல் பாய்மரத்திலும் கிரேன் உச்சியிலும் பாதி ஆயுளைக் கழித்த தேவதாஸை அஜீஸ் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது அப்படித்தான். விழாமலிருக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரா, அதற்குச் சம்பளம் வேறா என்று காப்பிக்கடையில் சிரித்தார்கள். தேவதாஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலத்தின் நடுவே பயிற்சிக்கென்றே ஒரு டவரைக் காற்றாடியோடு நிறுத்தி, தினம் காலையில் ஆட்களை ஏற்றி இறக்கினார். அவர் வந்தபிறகு ஒருவனும் விழவில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பெல்ட்டை அவர்தான் கையில் கொடுப்பார். "நான் குடுத்தா நான் பாத்துட்டேன்னு அர்த்தம். கட்டிக்கிட்டு ஏறு. மேல போய் பெல்ட்டு வாரைக் கம்பியச் சுத்தி மாட்டிட்டு ரெண்டு கையையும் விட்டுடு. உன் உசுரு என் பொறுப்பு." கையை விட்டால்தான் ஸ்பேனர் பிடிக்க முடியும். மற்றவர்கள் எல்லாரும் நாளடைவில் கையை விடப் பழகிவிட்டார்கள், யூசுப்பைத் தவிர.

யூசுப் கம்பெனியின் மூத்த ஆள். தேவதாஸ் வருவதற்கு முன்பே வெறும் காலோடும் வெறும் கையோடும் டவர் ஏறியவன். வாரை மாட்டினாலும் ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டேதான் வேலை செய்வான். "தோலையும் நூலையும் எப்படி வாத்யாரே நம்பறது? கைன்னா அல்லா குடுத்தது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தேவதாஸும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். வாத்தியார் வேலை தனக்குத்தான் வரும் என்று யூசுப் காத்திருந்ததாக அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

ஆக, காரணம் இருக்கிறது. சாமான் அறைக்குள் போய்வர வழி இருக்கிறது. எல்லாருடைய பெல்ட்டும் கெட்டிருக்க அவனுடையது மட்டும் நன்றாக இருக்கிறது. பெல்ட் அறுந்து எவனாவது விழுந்தால் தேவதாஸின் பெட்டி படுக்கை சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்டவரும் அவரே, பதில் சொன்னவரும் அவரே என்பதால் எதிர்வாதத்துக்கு ஆள் இல்லை.

உடனே போய் அஜீஸிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அஜீஸும் யூசுப்பும் ஒரே சூராவு பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். யூசுப்பின் தகப்பனாரும் அஜீஸும் நாகூர்ப் பக்கம் ஒரே தெருக்காரர்கள். நேற்று வந்த தன் பேச்சு அங்கே எடுபடுமா? அஜீஸ் அப்படிப்பட்டவர் இல்லை என்று தேவதாஸின் மனத்துக்குள்ளேயே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. அந்தக் குரலை அவர் அதட்டி உட்கார வைத்தார். கையும் களவுமாகப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினால் யார் என்ன பேச முடியும்?

மழை வருகிறது, தரை வழுக்குகிறது என்று சாக்குச் சொல்லி ஏற்றத்தை நிறுத்தி வைத்தார். ஆட்களைக் கீழே உட்கார வைத்து முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே யூசுப்பைக் கவனித்தார். யூசுப் பேனாக்கத்தியால் நகம் வெட்டினான். கத்தி வைத்திருக்கிறான் பார் என்று நினைத்தார். யூசுப் சாமான் அறைப்பக்கம் போனான். எதைப் பார்க்கப் போகிறான் என்று பின்னாலேயே போனார். அவன் காப்பிக் குவளையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினான். ஆளைக் கண்டதும் கழுவுகிற மாதிரி நடித்துவிட்டான் என்று முடிவு செய்தார். "என்ன வாத்யாரே, உடம்புக்கு முடியலையா? முகமே சரியில்லையே லா" என்று யூசுப் கேட்டபோது, அந்த அக்கறையில்தான் அவருக்குச் சந்தேகம் எல்லாவற்றையும்விட அதிகமாயிற்று.

சாமான் அறைச் சாவியை வைத்திருந்த வைரவனிடம் சாடைமாடையாக விசாரித்தார். வைரவன் செட்டிநாட்டுப் பக்கத்து மனிதர்; நாள் தவறாமல் நெற்றி நிறைய விபூதியோடு வருகிறவர்; கம்பெனியில் நல்லது கெட்டது எல்லாம் முன்னின்று செய்கிறவர்.

"யூசுப் அவன் பெல்ட்டைத் தனியா வெச்சுக்கறானா?"

"இப்ப எல்லாம் இங்கதானே தொங்குது. நடுவுல ஒருதரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். ஏன்டா எடுத்துட்டுப் போறேன்னு கேட்டேன், சும்மாதான்னு சொல்லிச் சிரிச்சான்."

"எப்ப?"

"பூசை சமயத்துல. ஏன், என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல" என்றார் தேவதாஸ். தன்னுடையதைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டு மற்றவற்றில் கைவைத்திருக்கிறான். இனி விசாரிக்க ஏதுமில்லை, ஆளைச் சிக்கவைக்க வேண்டியதுதான் பாக்கி என்று அவருக்குப்பட்டது.

அவர் போட்ட திட்டத்தைக் கேட்டால், புத்தி இவ்வளவு கோணலாகப் போகுமா என்றுதான் நமக்குத் தோன்றும். அவருக்கோ அது மிகச் சுத்தமான திட்டமாகத் தெரிந்தது. கெட்டுப்போன பெல்ட் ஒன்றை யூசுப்பிடமே கொடுத்து ஏறச் சொல்வது. அவன்தான் கெடுத்தவன் என்றால் ஏறமாட்டான், ஏதாவது சாக்குச் சொல்லுவான். சொன்னதும் கழுத்தைப் பிடித்துவிடலாம். ஒருவேளை ஏறத் தொடங்கினால்? நாலு படி ஏறியதுமே இறங்கு என்று சொல்லிவிட்டால் போகிறது. கெட்டதில் கொஞ்சம் நல்லதாக ஒரு பெல்ட்டைப் பொறுக்கி எடுத்தார். அதனால் மனசாட்சி கொஞ்சம் சமாதானமாகவும் ஆயிற்று.

மறுநாள் காலை வானம் வெளுத்துக் கிடந்தது. புக்கிட் பாருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் டவர் நிறுத்த மற்றவர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்கு அஸ்திவார வேலைதான், பெல்ட் யாருக்கும் கொடுக்கவில்லை. யூசுப்பை மட்டும் தேவதாஸ் நிறுத்தி வைத்திருந்தார்.

"அந்தத் தோட்டத்து உச்சி வேலைக்கு உன்னத்தான் அனுப்பலாம்னு இருக்கேன். ஆனா மேல போய் ரெண்டு கையையும் விட்டு நின்னு காட்டணும். ஒத்தக்கைக்காரன நான் அனுப்ப மாட்டேன்."

"உங்களுக்கு என் கை மேலதான் எப்பவும் கண்ணு" என்று யூசுப் சிரித்தான். "என் பெல்ட்டு எங்க?"

"எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன், காயல. இதக் கட்டிக்க."

நீட்டினார். யூசுப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புருவ அசைவு போதும், ஒரு தயக்கம் போதும். யூசுப் பெல்ட்டை வாங்கினான், குனிந்துகூடப் பார்க்கவில்லை, இடுப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டே டவரை நோக்கி நடந்தான். பிஸ்மில்லா என்று சொல்லி முதல் படியில் கால் வைத்தான்.

நல்ல நடிகன் என்று நினைத்தார் தேவதாஸ்.

நாலு படி ஆயிற்று. இப்போது சொல்லுவான், இப்போது வயிறு வலிக்கிறது என்பான் என்று காத்திருந்தார். எட்டுப் படி ஆயிற்று. என் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் ஏறுகிறான், நான் தடுப்பேன் என்று அவனுக்குத் தெரியும், அழுத்தக்காரன். இப்படி எண்ணி எண்ணியே அவர் வாயைத் திறக்கவில்லை. யூசுப் ஏறுகிற வேகம் கம்பெனியில் யாருக்கும் கிடையாது. அண்ணாந்து பார்த்தபோது அவன் உச்சியில் வாரைச் சுற்றிப்போட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தேவதாஸுக்கு உறைத்தது. அவனுக்கு எதுவுமே தெரியாது. தெரிந்த மனிதன் எவனும் அங்கே போய் நிற்கமாட்டான்.

"இறங்குடா! யூசுப்! கைய விடாத! கம்பியப் புடி!"

கடல் பக்கமிருந்து காற்று எழும்பி, மேலே காற்றாடி தடதடவென்று சுற்றத் தொடங்கியிருந்தது. அவர் கத்தியது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. யூசுப் கீழே குனிந்து பார்த்தான். வாத்தியார் இரண்டு கைகளையும் ஆட்டுவது தெரிந்தது. அவனும் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விட்டு அகல விரித்துக் காட்டினான். பின்பக்கமாகச் சாய்ந்து, உடம்பின் எடை முழுவதையும் பெல்ட்டின் மேல் போட்டான். இத்தனை மாதமாக அவர் கெஞ்சியும் அதட்டியும் நடக்காத காரியம் அன்றைக்கு நடந்தது.

தேவதாஸ் ஓடிப்போய் டவரைப் பிடித்து ஏறினார். இடுப்பில் பெல்ட் இல்லை, காலில் செருப்புகூட இருந்தது. பாதி ஏறியிருப்பார், மேலே தோல் கிழிகிற சத்தமும் "யா அல்லா" என்ற அலறலும் ஒன்றாகக் கேட்டன. யூசுப் ஒருபக்கமாகத் தொங்கினான். ஒரு பக்கத்துத் தையல் முழுதும் விட்டிருந்தது. விழுகிற வேகத்தில் அவன் கைகள் எதையோ தேடி, டவரின் குறுக்குக் கம்பி அகப்பட்டு, உள்ளங்கைத் தோல் உரிய அதிலேயே நின்றன. தேவதாஸ் கீழேயிருந்து அவன் பாதத்தைப் பிடித்துப் படியில் எடுத்து வைத்தார். மற்றப் பாதத்தையும் வைத்தார். ஒவ்வொரு படியாக அப்படியே இறக்கிக் கொண்டுவந்தார்.

தரைக்கு வந்ததும் யூசுப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு உள்ளங்கைகளிலும் ரத்தம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியபின் பெல்ட்டைக் கழற்றி மடியில் போட்டு விட்டுப்போன தையலைப் பார்த்தான். விரலால் தொட்டான், நூல் பொடியாகக் கொட்டியது. இன்னொரு பக்கத்தைத் தொட்டான். அதுவும் கொட்டியது.

"இத நீங்க பாக்கலையா வாத்யாரே?"

"பாக்காம குடுக்க மாட்டீங்களே" என்றான் யூசுப், மெதுவாக. பிறகு தலையை நிமிர்த்தினான். "பாத்தீங்க."

"எல்லா பெல்ட்டும் இப்படித்தான் இருக்கு. உன்னது மட்டும் நல்லா இருந்துச்சு. நீதான் எதையோ பண்ணிட்டேன்னு... நீ ஏற மாட்டேன்னு நெனச்சேன்."

யூசுப் அவரையே வெறித்துப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால், எழுந்து ஓர் அறை விட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். மோந்துவிட்டுச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

"புளி வாடை அடிக்குது. நீங்களே மோந்து பாருங்க."

மோந்து பார்க்கத் தேவையே இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வருஷம் பூரா உயிரைக் காக்கிற சாமானாயிற்றே என்று வைரவன் எல்லா பெல்ட்டையும் இறக்கி, பித்தளைக் கொக்கிகளில் கெட்டியாகப் புளி அப்பி ஊற வைத்தார். கையில் தண்ணீர் தொட்டுத் துடைத்ததோடு சரி. தோல் நனையக்கூடாது என்று யாரும் கழுவவில்லை. கொக்கிக்கு அடியிலிருந்த இரும்பு ஆணியையும் அதை ஒட்டியிருந்த நூலையும் புளி உள்ளிருந்தே தின்றுவிட்டது. மறுநாள் சந்தனமும் குங்குமமுமாகப் பெல்ட்டுகள் தங்கம் போல மின்னின. சூடம் காட்டியபோது முன்வரிசையில் கைகூப்பி நின்றவர் தேவதாஸ். இப்படியல்லவா சாமானை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வைரவனைத் தட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

"வைரவண்ணன் என் பெல்ட்டையும் கேட்டாரு" என்றான் யூசுப். "குடுத்தா குங்குமம் வெப்பீங்க. அதக் கட்டினேன்னு தெரிஞ்சா சூராவு வாசல்ல நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னா உங்களுக்கெல்லாம் மனசு சங்கடப்படும். அதான் சும்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அவ்ளோதான் விசயம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எழுந்து குழாயடிக்குப் போய்க் கைகளைக் கழுவினான். தேவதாஸ் ஓடிப்போய்ச் சாமான் அறையிலிருந்து துணி கொண்டுவந்தார். யூசுப் துணியை வாங்கித் தானே கட்டிக்கொண்டான்.

மத்தியானம் அஜீஸ் காரில் வந்து இறங்கினார். கெட்டுப்போன பெல்ட்டுகளைத் தேவதாஸ் மேசைமேல் பரப்பிப் புளிக் கதையைச் சொன்னார். அஜீஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட ஆண்டவனே! கொக்கியத் துலக்கறேன்னு ஆளுங்களக் கொல்லப் பாத்தாரே இந்த வைரவன்! நல்லவேளை, நீங்க இருந்தீங்க தேவதாஸு. யாரு கண்ணுல படும் இது? இன்னைக்கே சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பிப் புதுசா எடுக்கறேன். உங்கள வேலைக்கு வெச்சதுக்கு இன்னைக்குத்தான் முழுப் பலன்" என்று அவர் தோளில் தட்டினார். அப்போதுதான் கதவருகே நின்றவனைப் பார்த்தார். "டேய் யூசுப், கைல என்ன கட்டு?"

தேவதாஸ் வாயைத் திறந்தார்.

"ஏணில சறுக்கிட்டேன் தவுக்கே" என்றான் யூசுப் முதலாளியிடம்.

தேவதாஸ் வாயை மூடிக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டும். அது அவருக்கு அந்த வினாடியே தெரிந்தது. அஜீஸ் தோளில் தட்டிய தட்டு அன்றிரவு படுக்கையிலும் வலித்தது. ஆனாலும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. யூசுப் ஏன் தன்னைக் காப்பாற்றினான் என்று யோசித்தார். பெருந்தன்மையா, தன்னை என்றைக்கும் பிடியில் வைத்துக்கொள்ளவா என்று பழைய புத்தி மறுபடி கிளம்பியபோது, தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

புது பெல்ட்டுகள் வந்த அன்று காலை ஆட்கள் எல்லோரும் டவர் அடியில் கூடினார்கள். வைரவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, தேவதாஸ் வழக்கம்போலத் தையலைப் பார்த்து, கொக்கியைச் சுண்டி, கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். அவர்களும் வழக்கம்போல வாங்கி நேரே இடுப்பில் கட்டினார்கள். யூசுப்பின் முறை வந்தது. காயம் ஆறித் தோல் புதிதாக வளர்ந்திருந்த கையை நீட்டி வாங்கினான்.

கட்டிக்கொள்ளவில்லை. அவர் முன்னாலேயே நின்று பெல்ட்டைத் திருப்பினான். ஒவ்வொரு தையலாக நகத்தால் நிமிண்டினான். கொக்கியைத் தூக்கி அதன் அடியில் பார்த்தான். வாரைக் காலில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான். அவசரமே படவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

வைரவனுக்குப் பொறுக்கவில்லை. "என்னடா இது? வாத்தியார் பாத்துக் குடுத்தத நீ மறுபடி பாக்கறியா? மரியாதை தெரியாதா?"

"வாத்யாருதாண்ணே சொல்லிக் குடுத்தாரு" என்றான் யூசுப். குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. "யாரு குடுத்தாலும் நாமளே பாத்துட்டுத்தான் கட்டணும்னு. அவரு குடுத்தாலும்."

எல்லோரும் தேவதாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் தன் பெல்ட்டைக் கழற்றினான். அடுத்தவனும் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் புல்லில் உட்கார்ந்து தையலை நிமிண்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கிக்கு அடியில் எப்படிப் பார்ப்பது என்று ஒருவன் கேட்டான்.

"அப்படியா சொன்னீங்க வாத்தியாரே?" என்றார் வைரவன்.

"ஆமா, நான்தான்" என்றார் தேவதாஸ். மிச்சத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. கொக்கியைப் பற்றிக் கேட்டவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதைத் தூக்கிக் காட்டத் தொடங்கினார்.